திகதி போடாத கடிதம்

அத்தியாயம் 11

போன கிழமை ஆண்டியப்பனை வாசல் படலையடியில் மழைக்குள் நிற்கவிட்டு வந்தோம். மனுசன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். காலமை ஏழரை மணி. தலையில் யூரியாப் பையைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருக்கிறான். ஏன் வந்தான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உள்ளுக்குள் பல்லு மினுக்கிக்கொண்டிருந்த யோகலிங்கத்துக்கும் தெரியும்.

மறந்தவர்களுக்கு ஒருக்கால் சொல்லிவிடுகிறேன். யோகலிங்கம் என் தங்கச்சி கமலாசனியின் புருசன், நான் இருக்கிறதும் அவர் வீட்டில்தான். எங்கள் பிரதேச சபைக்குத் தவிசாளர். ஊருக்கு எப்பவும் அவர் சேர்மன்தான்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு கிராமச் சபைக்குப் போனவர். அறுபத்து நாலில் அதற்குத் தலைவரானார். எண்பத்தொன்றில் அரசாங்கம் கிராமச் சபைகளை இழுத்து மூடியபோது மற்ற ஊர்த் தலைவர்மார் தோட்டம் கொத்தப் போனார்கள். இவர் 'முன்னாள் தலைவர்' என்று புதுத் தாள் அச்சடிப்பித்து, பதின்மூன்று வருசம் அந்தத் தாளிலேயே ஊரை நடத்தினார். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. தாளின் அடியில் அவருடைய கையெழுத்து இருந்தால் எங்கள் பக்கத்தில் காணும், வேறொன்றும் தேவையில்லை.

தொண்ணூற்று நாலில் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. சுயேச்சைக் குழு, மணிக்கூட்டுச் சின்னம். வீரைமேட்டு வாக்கு இல்லாமல் வெல்ல ஏலாது என்று அவருக்கே தெரியும். வீரைமேடு எழுபத்தேழில் மாத்தளைத் தோட்டங்களில் அடிபட்டு வந்த சனம் காடு வெட்டிக் குடியிருந்த இடம். எண்பது குடும்பம். ஆண்டியப்பன் அவர்களின் ஆள். நாலு வருசத்தில் முதல் ரெண்டு வருசம் யோகலிங்கம் தவிசாளர், பிந்தின ரெண்டு வருசம் ஆண்டியப்பன், அதுவரைக்கும் அவன் உபதவிசாளர் என்று பேச்சு.

வென்று தவிசாளரானதும், பேச்சை உறுதிப்படுத்த யோகலிங்கம் திகதி போடாத விலகல் கடிதம் ஒன்றில் கையெழுத்து வைத்து, உறையில் போட்டு, பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி என் கையில் தந்தார். இந்தத் தொழிலில் இதெல்லாம் வழமை. தவணை முடிந்தால் திகதியைப் போட்டுச் செயலாளரிடம் குடுக்கவேண்டியதுதான். நான் ஆரையும் நம்பாதவன் என்றபடியால் ரெண்டு பேரும் என்னை நம்பினார்கள்.

ரெண்டு வருசம் பங்குனியில் முடிந்தது. இப்ப மார்கழி.

யோகலிங்கம் வெள்ளை நாஷனல் சட்டையும் வேட்டியுமாக விறாந்தைக்கு வந்தார்.

"ஆண்டியப்பன், ஏன் மழைக்குள்ள நிக்கிறாய்? உள்ள வாவன்."

"இங்கேயே நிக்கிறேங்க. கால்ல சேறு."

"இண்டைக்குக் கூட்டம் பத்துக்கு. பிந்திப்போடாத."

"அதுக்குத்தாங்க வந்தேன். அடுத்த வருசத்து வேலப் பட்டியல் இன்னைக்குத்தான முடிவாகுது. நம்ம கெணறு அதுல இருக்குங்களா?"

"அது பரிசீலனையில இருக்கு."

"போன வருசமும் அது அங்கதாங்க இருந்திச்சு."

எனக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. யோகலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன்.

பட்டியலை எப்பவும் மார்கழியில்தான் முடிவு செய்கிறார்கள். குளம் முட்டி, வயலெல்லாம் தண்ணி நிற்கிற மாதம். மழை கொட்டுகிற நேரம் கிணற்றைப் பற்றி ஆர் யோசிக்கிறது? வீரைமேட்டில் இருக்கிற ஒரு கிணறு சித்திரையோடு வற்றிவிடும். பிறகு ஐப்பசி வரைக்கும் பெண்டுகள் குடத்தோடு ஒன்றரை மைல் நடந்து குளத்துக்குப் போகவேணும். இந்தப் பட்டியலில் ஏறாவிட்டால் இன்னொரு வருசம் அதே நடைதான்.

ஆண்டியப்பன் சத்தம் உயர்த்தாத ஆள். அதுதான் யோகலிங்கத்துக்குக் கரைச்சல். கத்துகிறவனைச் சமாளிக்க அவருக்கு நாற்பது வருசப் பழக்கம் இருக்கிறது.

"ரெண்டு வருசம்னு சொன்னீங்க. ஒன்பது மாசம் கூடப் போயிருச்சு."

"நான் இல்லையெண்டு சொன்னனானே? நாட்டு நிலைமையைப் பார். கிளிநொச்சிச் சனம் முழுக்க இஞ்ச வந்து முகாமில கிடக்கு. ஆமிக்காரங்கள் சென்றிக்குச் சென்றி மறிச்சுப் பாஸ் கேக்கிறாங்கள். இந்த நேரம் கதிரையை மாத்தினா ஆர் பொறுப்பு?"

"நாட்டு நெலம சரியான பொறகு எனக்கு எதுக்குங்க கதிரை?"

"கதிரை என்ன பெரிய கதிரை. அது வெறும் மரம்."

"அப்ப அந்த மரத்த எங்கிட்டக் குடுங்க."

யோகலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். "குளக்கட்டில உடைப்பாம். பாத்திட்டு அப்பிடியே சபைக்குப் போறன்," என்றார். உடைப்பு இருந்ததோ என்னவோ. அவருக்கு ஓடவேண்டிய நேரமெல்லாம் எங்கேயோ ஒரு கட்டு உடைந்துவிடும். ஒழுங்கையால் வந்த டிராக்டரை மறித்து ஏறினார். சேறு தெறிக்காமல் வேட்டியைத் தூக்கிப் பிடிக்கிற வித்தை அந்த மனுசனைப் போல ஒருவருக்கும் வராது.

டிராக்டர்ச் சத்தம் ஓய்ந்தது. ஆண்டியப்பன் இப்பதான் விறாந்தைக்கு ஏறினான். சாக்கில் காலைத் துடைத்தான்.

"பெரியவரே, அந்தக் கவரக் குடுங்க."

அவன் முன்னம் மூன்று தரம் கேட்க, மூன்று தரமும் 'பொறு, அவர் தானாக விலகுவார்' என்று சொல்லி அனுப்பியது நான்தான். தங்கச்சி வீட்டில் இருந்து தின்கிறவன் தங்கச்சி புருசனின் கதிரையைக் கழற்றுகிறது லேசான வேலையா? ஆனால் கற்பூரம் கொளுத்தி வாங்கின சாமான். இனியும் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

றங்குப் பெட்டியைத் திறந்தேன். காணிப் பெர்மிற்றுக்கும் என் மனுசியின் மரணச் சான்றிதழுக்கும் நடுவில் உறை கிடந்தது. ஒட்டின இடத்துக்கு மேலே நான் அண்டைக்கே குறுக்காக என் பெயரை எழுதி வைத்திருந்தேன், ஒருவரும் உடைக்காமல். உடைபடவில்லை.

ஆண்டியப்பன் கையில் குடுத்தேன். அவன் ஓரத்தைக் கிழித்துத் தாளை எடுத்தான். மடிப்புக்கு வெளியே கையெழுத்துத் தெரிந்தது. யோகலிங்கத்தின் பாம்பு நெளிந்த கையெழுத்து. அண்டைக்கும் கோயிலில் நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

அவன் மடிப்பை விரித்தான்.

ஒன்றுமில்லை.

மேலே சபையின் பெயர். அடியில் கையெழுத்து. நடுவில் வெள்ளை. முன்னுக்கும் பின்னுக்கும் திருப்பினான். வெளிச்சத்துக்குப் பிடித்தான். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்கும் வெள்ளையாகத்தான் இருந்தது.

"இதுல ஒண்ணும் எழுதலீங்களே."

"தெரியுது."

"மூணு வருசமா வெறுந்தாளையா வச்சிருந்தீங்க?"

தாளை விரித்து வாசிக்கவேணும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சேர்மனின் கையெழுத்து இருந்தால் காணும் என்று பழகிப்போன சனம் நாங்கள்.

ஆண்டியப்பன் தாளை மடித்து என்னிடமே தந்தான். கோபத்தைக் காட்டியிருந்தால் பரவாயில்லை.

"பெரியவரே, உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"பிள்ளையாராணை தெரியாது."

"சரிங்க."

அவன் நம்பவில்லை. ஆரையும் நம்பாமல் எழுபத்திரண்டு வருசம் சீவித்தவன் நான். என்னை ஒருவன் நம்பாமல் பார்க்க, நான் கிழிந்த உறையை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

"நான் சபைக்குப் போறேன். எப்பயும் போல ரெண்டாவது கதிரையில குந்திக்கிட்டுக் கையத் தூக்கணும். வேற என்னா," என்று யூரியாப் பையைத் தலையில் போட்டுக்கொண்டு போனான்.

குசினி வாசலில் கமலாசனி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது.

"அதைத் தாங்கோ அண்ணை, பாப்பம்."

"பாக்க என்ன இருக்கு? உன்ர மனுசன் எங்கள் ரெண்டு பேரையும் ஏமாத்திப் பேயனாக்கிப்போட்டார்."

சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். கன நேரம் பார்த்தாள்.

"உது என்ர கோப்பில இருந்த தாள்," என்றாள்.

இதை நான் முதலே சொல்லியிருக்கவேணும். யோகலிங்கம் நல்லாய்க் கதைப்பார், எழுதமாட்டார். எழுதினால் கோழி கிளறின மாதிரி இருக்கும். கமலாசனி அந்தக் காலத்து எஸ்.எஸ்.சி. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அறுபத்து நாலில் அவர் தலைவரான கிழமையே தொடங்கின ஒழுங்கு இது. திங்கட்கிழமை காலமை அவர் இருபது முப்பது தாளில் அடியில் கையெழுத்தைப் போட்டு அவளின் கோப்பில் வைத்துவிட்டுச் சுற்றப் போவார். ஆர் என்ன கடிதம் கேட்டு வந்தாலும் விசாரித்து, மேலே எழுதிக் குடுக்கிறது அவள். இன்னார் இந்தக் கிராமத்தில் வசிக்கிறவர் என்று சென்றிக்குக் காட்டுகிற கடிதம், பள்ளிக்கூடத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, கூரைக்குத் தறப்பாள் கேட்டு அரசாங்கக் கச்சேரிக்கு. முப்பத்திரண்டு வருசமாக எங்கள் பகுதியில் சேர்மனின் எழுத்து என்று சனம் சொல்லுகிறது கமலாசனியின் எழுத்தைத்தான்.

"கோப்பில மேல கிடந்த தாளை எடுத்து மடிச்சு வச்சிருக்கிறார். எழுதாத தாளை ஆர் என்ன செய்யிறது எண்டு நினைச்சிருக்கிறார்," என்றாள்.

"நான் இண்டைக்கு அவரிட்டைக் கேக்கிறன்."

"என்னத்தைக் கேக்கப் போறியள்? அவர் உங்களுக்குக் குளக்கட்டுக் கதை சொல்லுவார்." தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் மடிப்பை நீவினாள். "நேற்றுச் சாப்பிடேக்க என்ன சொன்னவர் தெரியுமே?"

"நான் நேரத்தோட படுத்திட்டன்."

"வீரைமேட்டுக் கிணத்தைப் பட்டியல்ல போடுங்கோவன் எண்டு கேட்டன். இப்ப வெட்டிக் குடுத்தா அடுத்த முறை வோட்டுக் கேக்க என்னத்தைச் சொல்லிப் போறது எண்டார். சொல்லிப்போட்டு, சோத்துக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடும் எண்டார்."

"நீ என்ன செய்தனீ?"

"சொதி விட்டன்."

கதிரையை இழுத்து இருந்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டாள்.

"அழகம்மான்ர கையைப் பாத்தனீங்களே? ஆவணியில குளத்துப் படியில குடத்தோட விழுந்தவள். இன்னும் வளைஞ்சுதான் கிடக்கு. அந்தக் கையோடதான் எங்கட வயலில நாத்து நட்டவள். நான் அந்தக் கிணத்துக்கு ஏழு தரம் கடிதம் எழுதினனான் அண்ணை. ஏழும் அவற்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்கு."

அழகம்மா ஆண்டியப்பனின் மனுசி. இவளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள்.

கமலாசனி பேனையைத் திறந்தாள். அப்பதான் எனக்கு விளங்கினது.

"கமலா, வேண்டாம். உது கள்ளக் கடிதம்."

"எது கள்ளம்? கையெழுத்து அவற்ர. எழுத்து என்ர. முப்பத்திரண்டு வருசம் எல்லாக் கடிதமும் இப்பிடித்தான் போனது. அதெல்லாம் நல்ல கடிதம், இது மட்டும் கள்ளமே?"

"அவர் விலகப் போறன் எண்டு சொல்லேல்லையே."

"பிள்ளையாருக்கு முன்னால சொன்னவர். நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள். இல்லையோ?"

நின்றேன்.

எழுதினாள். ஒரு இடத்திலும் பேனை தங்கவில்லை. கையெழுத்துக்கு மேலே ரெண்டு விரல் இடம் விட்டு முடித்தாள். பிறகு எனக்கு வாசித்துக் காட்டினாள்: "தவிர்க்க முடியாத காரணங்களினால் தவிசாளர் பதவியிலிருந்து இன்றுடன் விலகிக்கொள்கின்றேன் என்பதைத் தாழ்மையுடன் அறியத் தருகின்றேன்."

"தாழ்மையுடன் வேணுமே?"

"அது இல்லாம இந்த வீட்டில இருந்து ஒரு கடிதமும் போனதில்லை."

கடைசியாக மேலே வலது பக்கம் திகதியைப் போட்டாள். 20.12.1996. மை காய ஊதினாள்.

"செயலாளரின்ர கையில குடுங்கோ. பட்டியலுக்குக் கை தூக்க முன்னம் போகவேணும். வெளிக்கிடுங்கோ."

"உனக்கு இண்டைக்குப் பின்னேரம் இந்த வீட்டில என்ன நடக்குமெண்டு தெரியுமே?"

"தெரியும். சோறு காய்ச்சுவன்."

தாளைப் பொலித்தீன் பையில் சுற்றி, சேட்டுக்குள் வைத்து, சைக்கிளை எடுத்தேன். சபைக் கட்டிடம் நெளுக்குளத்துக்கு இங்கால், நாலு மைல் ரோட்டு. ரோட்டு என்று சொல்லுகிறேன். அதுவும் யோகலிங்கம் நாற்பது வருசமாகப் போட்டுக்கொண்டிருக்கிற ரோட்டுத்தான். அரைவாசித் தூரம் சைக்கிள் என்னில் ஏறி வந்தது.

சென்றியில் ஆமிக்காரன் மறித்தான். சேட்டுக்குள் என்னவென்று கையால் கேட்டான். பையைக் குடுத்தேன். தாளை விரித்தான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மேலே பார்த்தான், அடியில் பார்த்தான். கையெழுத்தில் விரலை வைத்து "சேர்மன்?" என்றான்.

"சேர்மன்தான்," என்றேன்.

மடித்துத் தந்து போகச் சொன்னான். சேர்மன் விலகுகிற கடிதம் சேர்மனின் கையெழுத்தைக் காட்டித்தான் சென்றியைக் கடந்தது.

சபைக் கட்டிடத்தில் பத்தரை. விறாந்தையில் இருபத்தைந்து முப்பது சனம். பாதி அகதி முகாம் ஆட்கள், பாதி ஊரார். கையில் கடிதம். முத்திரை குத்துவதற்கு நிற்கிறார்கள். முத்திரை குத்தினால்தான் பாஸுக்குப் போகலாம். ஒவ்வொரு கடிதமாகப் பார்த்துக்கொண்டு உள்ளே போனேன். எல்லாவற்றிலும் ஒரே எழுத்து. முத்து முத்தாக.

உள்ளே ஒன்பது உறுப்பினர்கள். நடுவில் யோகலிங்கம். பக்கத்துக் கதிரையில் ஆண்டியப்பன், ஈரச் சேட்டோடு. செயலாளர் பரமேஸ்வரன் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார். மதகு, மதகு, சந்தைக் கூரை, இன்னொரு மதகு. மதகு எல்லாம் யோகலிங்கத்துக்கு வாக்குப் போடுகிற ஒழுங்கைகளில். பதினொன்றாவதோடு முடிந்தது. கிணறு இல்லை.

"சபை ஏற்றுக்கொள்ளுறதெண்டா கையைத்..." என்று யோகலிங்கம் தொடங்கினார். என்னைக் கண்டார். "என்ன மச்சான், வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?"

"எல்லாருக்கும் சுகம்," என்று சொல்லிக் கடிதத்தைச் செயலாளர் கையில் குடுத்தேன்.

பரமேஸ்வரன் ஒருதரம் வாசித்தார். திரும்ப வாசித்தார். அலுமாரிப் பக்கம் சரிந்து ஒரு கோப்பை இழுத்து, பழைய கடிதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கவனமான மனுசன். பிறகு எழும்பிப் போய் ரெண்டையும் யோகலிங்கத்துக்கு முன்னால் வைத்தார்.

"ஐயா, இது உங்கட கடிதம்தானே?"

யோகலிங்கம் பார்த்தார். முதலில் கையெழுத்தை. எல்லாரையும் போலத்தான் அவரும். பிறகு மேலே போனார். எழுத்து எங்கேயிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கின அந்த நேரத்தை நான் பார்த்தேன்.

"ஐயா?" என்றார் செயலாளர். "கையெழுத்து உங்கட. எழுத்து உங்கட எழுத்துத்தானே எண்டுதான் கேக்கிறன். நான் பதியவேணும்."

இல்லையென்று சொல்லலாம். ஒரு சொல்லுத்தான். ஆனால் இந்த எழுத்து அவருடையது இல்லையென்றால், விறாந்தையில் நிற்கிற சனத்தின் கையில் இருக்கிறது ஆருடைய கடிதம்? கோப்பில் கிடக்கிற மூன்று வருசக் கடிதம் ஆருடையது? செயலாளர் அதைப் பதிந்தால் பின்னேரமே சென்றிக்குப் போய்ச் சேரும். அந்தச் சனத்தை ஒருவனும் உள்ளே விடமாட்டான். அவர் யன்னலால் வெளியே பார்த்தார். ஒரு கிழவி மழைத்தண்ணி படாமல் கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றாள்.

நான் அந்த மனுசனை முப்பத்தைந்து வருசமாக நம்பியதில்லை. இப்பவும் இல்லையென்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஓம்," என்றார். "என்ர எழுத்துத்தான்."

எழும்பினார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். பேனையை மறந்து, திரும்பி வந்து எடுத்தார்.

"கடிதம் உள்ளூராட்சி ஆணையாளருக்குப் போகவேணும்," என்றார் பரமேஸ்வரன். "திங்கட்கிழமைத் தபாலில அனுப்புவன். அவர் ஏற்கும் வரைக்கும் இண்டையில இருந்து உபதவிசாளர் நடத்தலாம்."

அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு உறுப்பினர், "இனித் தோட்டத்துக் கங்காணி சொல்லக் கேக்கவேண்டியதுதான்," என்று முணுமுணுத்தார். என் ஊரான், என்னோடு குடியேற்றத்துக்கு வந்தவன். யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி இல்லாமல் வந்தவனுக்கு வாயைப் பார்.

ஆண்டியப்பனுக்கும் கேட்டிருக்கும். அவன் கதிரையில் இருக்கவில்லை. அதற்குப் பின்னால் நின்று சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டான். சேட்டு ஈரம் படக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ.

"செயலாளர் ஐயா, பதினொண்ணு வரைக்கும் வாசிச்சீங்க. பன்னிரண்டுன்னு போட்டு எழுதுங்க. வீரைமேட்டுக் கெணறு."

"எழுதிட்டன்."

"ஏத்துக்கிறவங்க கையத் தூக்குங்க."

ஐந்து கை உடனே ஏறியது. கங்காணிக் கதை சொன்னவரும் மற்றவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு அரைவாசி தூக்கினார். பரமேஸ்வரன் அதை முழுசாகவே எழுதினார்.

எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் சந்தோசம் வந்தது. கன நேரம் நிற்கவில்லை. நான் சைக்கிளை எடுக்கப் போக, ஆண்டியப்பன் ஒரு கட்டுத் தாளோடு பின்னால் ஓடி வந்தான்.

"பெரியவரே, காலைல உங்களத் தப்பா நெனச்சிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"சரி, சரி. உதென்ன?"

"முகாம் சனம் இன்னும் பன்னிரண்டு பேருக்குக் கடிதம் வேணுமாம். அம்மாகிட்டக் குடுங்க. அம்மா எழுத்து இருந்தாத்தான் சென்றியில விடுறாங்க."

பார்த்தேன். பன்னிரண்டு வெறுந்தாள். ஒவ்வொன்றின் அடியிலும் புதுக் கையெழுத்து. ஆண்டியப்பன்.

கதிரைக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை.

"நீ காலமை வெறுந்தாளைக் கண்டு என்ன பாடுபட்டனீ?" என்று கேட்டேன்.

"அது அவரு போட்டது. இது நம்ம அம்மாகிட்டத்தான போகுது," என்றான். இவனோடு என்னத்தைக் கதைக்கிறது. சேட்டுக்குள் செருகிக்கொண்டேன்.

யோகலிங்கம் ரோட்டில் எனக்காக நின்றார். டிராக்டர் இல்லை. நான் சைக்கிளை உருட்ட, அவர் பக்கத்தில் நடந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடிக்கவில்லை. முழங்கால் வரைக்கும் சேறு.

சென்றி வந்தது. ஆமிக்காரன் இந்த முறை அவரைக் கண்டு நெஞ்சை நிமிர்த்தினான். அவரும் தலையை ஆட்டினார். அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"மச்சான், அவ எழுதேக்க என்ன சொன்னவ?"

"சோறு காய்ச்சுவன் எண்டவள்."

"வேற?"

"அடுத்த முறை என்னத்தைச் சொல்லி வோட்டுக் கேக்கிறது எண்டு நீர் கேட்டீராம். பிறகு சொதி கேட்டீராம்."

அவர் கொஞ்ச தூரம் நடந்தார்.

"பகிடிக்குச் சொன்னனான்."

"அழகம்மான்ர கையும் பகிடிக்குத்தான் முறிஞ்சது."

நாற்பது வருசத்தில் அந்த மனுசன் நாலு மைலை நாலு சொல்லோடு நடந்தது அண்டைக்குத்தான்.

வீட்டில் மழை விட்டிருந்தது. கமலாசனி சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பார்த்தாள்.

"கிணத்தடியில காலைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்றாள்.

கழுவிவிட்டு வந்தார். நான் ஆண்டியப்பனின் தாள்க்கட்டை மேசையில் வைத்தேன். கமலாசனி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். மேல் தாளின் கையெழுத்தைப் பார்த்தாள். குசினிக்குத் திரும்பினாள். அதைத் தொடவில்லை.

யோகலிங்கம் அவளுடைய கோப்பைத் திறந்தார். அவர் திங்கட்கிழமை கையெழுத்து வைத்த தாள்கள் அதில் இன்னும் கிடந்தன. ஒன்றை உருவினார். சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்தார். சபையில் மறந்து, திரும்பிப் போய் எடுத்த பேனை. கமலாசனி காலமை இருந்த அதே கதிரையில் இருந்தார்.

"என்ன செய்யப் போறீர்?" என்று கேட்டேன்.

"திங்கட்கிழமைத் தபாலுக்கு முன்னம் ஆணையாளருக்கு ஒரு கடிதம் போகவேணும்."

"என்னத்துக்கு? விலகேல்லை எண்டோ? விலகினதுதான் எண்டோ?"

பேனை தாளுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. அடியில் அவருடைய கையெழுத்து முதலே இருந்தது. மேலே முழுக்க வெள்ளை. சுவர் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு வெற்றிலை போட்டு முடித்தேன். அவர் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

கடைசியில் குசினிப் பக்கம் திரும்பினார்.

"கமலாசனி, ஆணையாளருக்கு எண்டா எப்பிடித் தொடங்கிறது?"

உள்ளே சட்டிச் சத்தம் நின்றது. அவள் வெளியே வரவில்லை.

"முதல்ல திகதியைப் போடுங்கோ," என்றாள்.